கணபதியின் பேத்தி

பதுளையில் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சபைப் பள்ளிக்கூடம் என்பார்கள். பலகையில் வேறு நீளமான பெயர் எழுதியிருக்கிறது. அதைத் தபால்காரர்கூடச் சொல்வதில்லை. இந்தியாவிலிருந்து கடை வைக்க வந்த குடும்பங்கள் ஒரு சபையாகச் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய தனியார் பள்ளி அது. பஜார் முழுக்க எங்கள் ஆட்களின் புடவைக்கடையும் பாத்திரக்கடையும் இருந்த காலத்தில் நானூறு பிள்ளைகள் படித்தார்கள். இப்போது கடைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் கொழும்பிலும் சென்னையிலும் கனடாவிலும் படிக்கிறார்கள். எங்களிடம் மிஞ்சியது அறுபத்திரண்டு பேர். ஆனாலும் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. சபைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். மாடியில் ஐந்து வகுப்பறைகளில் புறா குடியிருந்தது. புறாவுக்கு இடம் கொடுப்பார்கள், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார்கள்.

நான் ராமாமிர்தம் டீச்சர். அங்கே முப்பத்தொரு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நானும் கடைக் குடும்பம்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சட்டத்தை மாற்றச் சொல்லிச் சபையில் கேட்டுக்கொண்டே இருந்ததில், வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை ஸ்தாபகர் நாள். அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி, தன் பெயரில் தொடங்கிப் பெற்றோர், தாத்தா, பூட்டன் என்று பின்னால் போய், கடல் தாண்டி வந்தவர் யார், எந்த ஊர், இங்கே வந்து முதலில் என்ன விற்றார் என்று சொல்ல வேண்டும். இதை வழி சொல்வது என்போம். முன்வரிசையில் சபைப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை ஒரு பெயரைத் தவறவிட்டால் நாற்காலியில் இருந்தபடியே திருத்துவார்கள். “உன் பூட்டன் மண்ணெண்ணெய் விக்கல தம்பி, சீப்பும் கண்ணாடியும் வித்தாரு” என்பார் ஒருவர். அது அவருடைய தம்பி என்று பக்கத்து நாற்காலி ஆரம்பிக்கும். பிள்ளை மேடையில் நின்றுகொண்டே இருக்கும். கீழே இரண்டு கிழவர்கள், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவருக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

மதுஷாவை நான் முதலில் பார்த்தது ஒரு தோட்டப் பள்ளியில். அப்புத்தளைப் பாதையில், பதுளையிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மேற்பார்வையாளராகப் போயிருந்தேன். பரீட்சை முடிந்ததும் இந்தப் பிள்ளை என்னிடம் வந்து, பதினெட்டாவது கணக்கில் கேள்வியே பிழை என்றாள். பார்த்தேன், பிழைதான். பதினோரு வயது, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, பயம் என்பதே இல்லாத முகம். பிறகு பெறுபேறு வந்தது. நான்கு புள்ளியில் தவறியிருந்தாள், நகரத்துப் பெரிய பள்ளிகளில் இனி இடமில்லை. அந்தத் தோட்டப் பள்ளியில் மேல் வகுப்புகளில் கணக்குக்கும் ஆள் இல்லை, விஞ்ஞானத்துக்கும் ஆள் இல்லை. அவள் அங்கேயே இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொறுக்கவில்லை. பொய் சொன்னேன்.

என் அப்பாவின் தம்பி கணபதி, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெலிமடைக்குப் போய் உருளைக்கிழங்கு வியாபாரம் செய்தவர். பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. அங்கேயே இறந்துபோனார் என்று வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு வெலிமடையில் ஒரு குடும்பம் இருந்தது, அவருடைய மகள்தான் சிவசக்தி, சிவசக்தியின் மகள்தான் மதுஷா என்று விண்ணப்பத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையில் சிவசக்தி கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய கணவன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். அவளுடைய அப்பா தம்பையா, தோட்டத்தில் மருந்தடித்து ஓய்ந்த மனிதர், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பேத்தியை மடியில் வைத்து வளர்த்தவர்.

தம்பையாவிடம் விஷயத்தைச் சொல்வதற்குத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. உங்கள் பேத்தி இனி வேறொருவரைத் தாத்தா என்று சொல்லுவாள் என்று எப்படிச் சொல்வது? ஒரு வழியாகச் சொன்னேன். அவர் காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“பேருதானே டீச்சர். எம் பேர வச்சு என்னா செய்யப் போறோம். புள்ள படிக்கட்டும்” என்றார்.

மதுஷா திங்கள் முதல் வெள்ளி வரை என் வீட்டில் தங்கினாள். அவளுக்கு வழி சொல்லிக்கொடுத்தேன். என் தாத்தா கணபதி, அவர் இப்போது உயிரோடு இல்லை, அவருடைய அப்பா வேலங்குளத்திலிருந்து வந்து பதுளையில் முதலில் வெற்றிலை விற்றார். ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிட்டாள். முதல் வருஷம் அவள் மேடையில் சொன்னபோது முன்வரிசையில் சபைத் தலைவர் தங்கராஜா எழுந்தே நின்றுவிட்டார். அவர் பஜாரில் பெரிய புடவைக்கடை வைத்திருப்பவர், கணபதி சித்தப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவர் மேடைக்கு வந்து பிள்ளையின் தலையில் கைவைத்தார். பொய் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் கணபதியின் பேத்திக்கு என்று அவருடைய கடையிலிருந்து ஒரு சட்டைத் துணி வரும்.

இரண்டாம் வருஷம் தம்பையா வந்தார். உள்ளே வரவில்லை. தோளில் துண்டோடு கேட்டுக்கு வெளியே நின்றார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, தன் பேத்தி ஒலிபெருக்கியில் என் தாத்தா கணபதி என்று சொல்வதைக் கேட்டார். எல்லோரும் கைதட்டியபோது அவரும் தட்டினார். நான் பார்த்துவிட்டு ஓடிப்போய், உள்ளே வாங்க, டீயாவது குடிங்க என்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். உண்மையைச் சொன்னால், அவர் போனது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

போன வருஷம் அவள் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் முதல், விஞ்ஞானத்தில் முதல். அந்தப் புரட்டாசியில் சபைக் கூட்டத்தில் ஒருவர், வெளிப் பிள்ளைகள் உள்ளே நுழைந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன், எல்லாருடைய பிறப்புப் பத்திரத்தையும் பார்க்க வேண்டும் என்று கிளப்பினார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பேசும்போது என்னைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். தங்கராஜா கையமர்த்தினார். பத்திரம் எதற்கு, ஸ்தாபகர் நாளில் பிள்ளைகள் வழி சொல்லட்டும், சரியாகச் சொல்கிற பிள்ளை இருக்கட்டும், சொல்லாத பிள்ளையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மதுஷா அன்றைக்கு மேடையேறிச் சொல்லிவிட்டால் தப்பித்தாள். ஏறாவிட்டால் போச்சு. எனக்கு அப்படித்தான் புரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக மழை. இடது கையில் அவளுடைய மூன்று பிரி முடி. போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டேன். சிவசக்தி.

அவள் அழவில்லை, அழுது முடித்திருந்தாள். விடியற்காலையில் அப்பா போய்விட்டார், மூச்சுத் திணறல் என்றாள். மலையில் வெடிப்பு விட்டிருக்கிறதாம். மண்சரிவு எச்சரிக்கை என்று கிராம சேவகர் வந்து, பின்னேரத்துக்குள் எல்லோரும் லயத்தை விட்டு இறங்கி ஸ்கூல் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். மண்டபத்தில் சவத்தை வைக்க முடியாது. அதனால் பன்னிரண்டு மணிக்கே எடுக்கிறார்கள்.

“புள்ளைய உடனே அனுப்பிருங்க டீச்சர். நெய்ப்பந்தம் பிடிக்க அவ ஒருத்திதான் இருக்கா.”

நெய்ப்பந்தம் என்பது சின்னக் குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்துவது. பேரப்பிள்ளைகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாடையைச் சுற்றி வர வேண்டும். பேரப்பிள்ளை பார்த்து வயிறு நிறைந்து போன மனிதர் என்று நான்கு பேருக்குத் தெரிய அதுதான் அடையாளம். பெரிய சாவு, சின்னச் சாவு எல்லாம் தோட்டத்தில் பந்தத்தை எண்ணித்தான் பேசுவார்கள்.

சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். யார் டீச்சர் என்று மதுஷா கேட்டாள். ஸ்கூலில் இருந்து என்றேன். கை தன் பாட்டுக்குப் பின்னிக்கொண்டே இருந்தது.

நான் கணக்கு டீச்சர் அல்லவா, கணக்குப் போட்டேன். ஒன்பது மணிக்கு விழா. அவளுடைய முறை பத்து மணிக்குள் வந்துவிடும். பத்தே காலுக்கு வேன் பிடித்தால் பதினொன்றே முக்காலுக்குள் லயத்துக்கே போய்விடலாம். பிள்ளை தாத்தாவையும் பார்த்துவிடுவாள், பள்ளியும் தப்பிவிடும். இப்போதே அனுப்பினால் சபையில் என்ன காரணம் சொல்வது? தாத்தா செத்துவிட்டார் என்றா? அவளுடைய தாத்தாதான் இருபது வருஷத்துக்கு முன்னால் வெலிமடையில் செத்தாயிற்றே. உண்மையைச் சொன்னால்தான் என்ன, உலகமா இடிந்துவிடும் என்று என்னால் அப்போது நினைக்க முடியவில்லை. நான்கு வருஷம் ஒரு பொய்யைக் காவல் காத்தவளுக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

விழா ஒன்பதரைக்குத்தான் தொடங்கியது. பாத்திரக்கடைப் பையன் ஒருவன் பூட்டன் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டான். முன்வரிசை எழுந்துவிட்டது. அந்தச் சண்டை இருபது நிமிஷம். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கிழவர்கள்மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதுஷா மேடையேறியபோது பத்து ஐம்பது.

அழகாகச் சொன்னாள். ஒரு சொல் தட்டவில்லை. “என் தாத்தா கணபதி, அவர் இப்போது உயிரோடு இல்லை” என்றாள். எப்போதும் போலத் தெளிவான குரல். அப்போது தம்பையாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். போய் அவளை மேடையிலிருந்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. கைதட்டல் முடியும்வரை நின்றேன்.

வேனில் ஏறிய பிறகுதான் சொன்னேன். தாத்தா தவறிட்டாரும்மா, இப்பத்தான் போன் வந்துச்சு என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும், எடுக்காம வச்சிருப்பாங்களா டீச்சர் என்று கேட்டாள். வைத்திருப்பார்கள் என்றேன். பிறகு அவள் அழுதாள். வெள்ளைச் சீருடையை முகத்தில் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நான் முதுகைத் தடவினேன். பண்டாரவளை தாண்டி ஒரு வளைவில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. மண்ணை அள்ளி ஒரு பக்கம் வழி விடுவதற்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அவள் இறங்கி மழையில் நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை.

நாங்கள் தோட்டத்துக்கு ஏறியபோது மணி ஒன்று பத்து. எதிரே ஆட்கள் மூட்டையும் பாயும் கோழியுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். லயத்து வாசலில் பறை அடித்த இடத்தில், அதைக் காய்ச்ச மூட்டிய நெருப்பு மட்டும் அணைந்து கிடந்தது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். சவம் போன வீட்டில்தான் அப்படிக் கழுவுவார்கள். அந்த ஈரத் தரையைப் பார்த்ததும் மதுஷாவுக்குப் புரிந்துவிட்டது.

சிவசக்தி தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வெளியே வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். அதில் கோபமே இல்லை.

“பன்னண்டரை வரைக்கும் நிப்பாட்டி வச்சோம் டீச்சர். கிராம சேவகர் வந்து சத்தம் போட்டாரு. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க யாரையாவது பந்தம் பிடிக்கச் சொல்லுவோம்னு சொன்னாங்க. பேத்தி இருக்கையில எதுக்கு இரவல் புள்ளன்னு நாந்தான் வேணாம்னுட்டேன். பந்தம் இல்லாமத்தான் போனாரு. காலையில ஏழரைக்கே ஒங்களுக்குச் சொன்னேனே, பஸ்ஸு கெடைக்கலியா?”

மதுஷா அம்மாவின் தோளிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தாள். ஏழரைக்கு அவளுடைய தலைமுடி என் கையில் இருந்தது. அது அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு கையால் பின்னலைப் பிடித்து அதில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்தாள். அவிழ்த்துத் தரையில் போட்டாள்.

பஸ் கிடைக்கவில்லை என்ற பொய் எனக்கு வாய் வரை வந்தது. அந்த அளவுக்குப் பழகிவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அனுப்பவில்லை, விழா முடியட்டும் என்று வைத்திருந்தேன் என்று சிவசக்தியிடம் சொன்னேன். அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். என்னுடைய வாய்க்கு அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை.

திங்கட்கிழமை தங்கராஜாவின் புடவைக்கடைக்குப் போனேன். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மதுஷா எங்கள் குடும்பம் இல்லை, தோட்டத்துப் பிள்ளை, நான்தான் பொய் எழுதினேன், என்னை வேலையை விட்டு அனுப்புங்கள், பிள்ளையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நின்றபடியே சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த துணியை மேசையில் வைத்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

“எனக்கு மொத வருஷமே தெரியும் டீச்சர்” என்றார். “கணபதி வெலிமடை ஆஸ்பத்திரியில கெடந்த கடைசி மாசம் பூரா நான்தான் கூட இருந்தேன், ஒங்க வீட்டுக்குச் சொல்லக்கூடாதுன்னுட்டான். அவன் யாரையும் கட்டிக்கல. புள்ளகுட்டி இல்லாமப் போறேனேன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அந்தப் புள்ள மேடையில ஏறி அவன் பேரச் சொன்னதும் எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

அவரே தொடர்ந்து சொன்னார். பத்திரம் கேட்டுச் சபையில் பேச்சு வந்தபோது வழி சொல்லட்டும் என்று அவர் சொன்னதே அவளைக் காப்பாற்றத்தானாம். வேறு எந்தப் பிள்ளை தடுமாறினாலும் அவள் தடுமாறமாட்டாள் என்று அவருக்குத் தெரியுமாம்.

அப்போதுதான் அவரிடம் அன்றைக்குக் காலையில் வந்த போனைப் பற்றிச் சொன்னேன். ஏழரையிலிருந்து பத்து ஐம்பது வரை. சொல்லி முடித்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் கார்லயே அனுப்பியிருப்பேனே டீச்சர். எட்டே முக்காலுக்குப் போய்ச் சேந்திருப்பாளே.”

அதைக் கேட்டுவிட்டு நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அதுவரைக்கும், பிள்ளையின் படிப்புக்காகத்தானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சமாதானமாவது இருந்தது. அதையும் அந்த மனிதர் எடுத்துவிட்டார், தன்னை அறியாமலே.

சபை கூடியது. தங்கராஜா எப்படிப் பேசினாரோ, சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இனி யாருடைய பிள்ளையும் படிக்கலாம், அவரவர் சொந்த வழியைச் சொல்லலாம் என்று தீர்மானம். இருபது வருஷமாக நான் கேட்டுக் கிடைக்காதது, அரை மணி நேரத்தில் முடிந்தது. எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை.

தம்பையாவின் பதினாறாம் நாளுக்குப் போனேன். மழை விட்டிருந்தது, சனங்கள் லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். சிவசக்தி என்னை உள்ளே கூப்பிட்டு இலை போட்டாள். சாப்பிட்டு முடித்து, பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மதுஷாவிடம் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு சபைத் தீர்மானத்தைச் சொன்னேன். திங்கட்கிழமையே வந்துவிடு, இனிமேல் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்றேன்.

“இனி மேடையில ஒந்தாத்தா பேரையே சொல்லலாம்மா. தம்பையான்னே சொல்லலாம்.”

அவள் கையிலிருந்த சாம்பலைக் கழுவினாள். எழுந்து நின்று பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இனிமே யாருக்குக் கேக்கணும்னு சொல்றது டீச்சர்?” என்றாள்.

அவள் துலக்கிய பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் யாரோ, அவளைத் தம்பையா பேத்தி என்று கூப்பிட்டு, தண்ணீர் கேட்டார்கள். வாறேன் என்றாள்.

இப்போது சபைப் பள்ளிக்கூடத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பதினேழு பேர் படிக்கிறார்கள். மதுஷா அந்தத் தோட்டப் பள்ளியில்தான் இருக்கிறாள். அங்கே இன்னும் கணக்குக்கு ஆள் போடவில்லை.